கடைசியாகக் குளிப்பவர்

ஹீட்டர்காரர் என்றால்தான் அந்தத் தெருக்களில் அவரைத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ஹீட்டர் மாட்டுகிறவர். கடையில் போய் நின்றால் "வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டு ஒரு டாங்க்கைத் தலையில் கட்டிவிடுவார்கள். இவர் அப்படியில்லை. உள்ளே நுழையும்போதே கேட்பார்: "வீட்ல கடைசியா குளிக்கிறது யாரு?"

முதல் ஆளுக்கு எந்த ஹீட்டரும் போதும், வெந்நீர் தீர்ந்துபோவது கடைசி ஆளுக்குத்தான், அவரை நினைத்து வாங்கினால் வீட்டில் சண்டை வராது என்பது அவர் கட்சி. இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும், சொல்வது சரிதானே.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு ஹீட்டரே அடியில் சொட்ட ஆரம்பித்தது. பதினைந்து லிட்டர், அரதப் பழசு. இன்னும் இரண்டு வாரம் இழுத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நாலு மாதமாக வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் ஏறவில்லை. கரும்பலகையில் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறாள், பின் பெஞ்சுக்குத் தெரிவதில்லை. வருஷம் முடிவதற்குள் சரியாகாவிட்டால் வகுப்பை விட்டுவிட்டு ஆபீஸ் அறையில் உட்கார வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வகுப்பு இல்லாமல் இருக்கத் தெரியாதவள் அவள்.

டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று. தினமும் தோளில் நல்ல வெந்நீர் ஊற்றி, அந்தச் சூட்டோடு கையைத் தூக்கிப் பழக வேண்டும். ஹீட்டர்காரர் வேலைக்கு நடுவிலும் மறக்காமல் போன் போடுவார். "குளிச்சாச்சா?" "ஆச்சு" என்பாள். கை மட்டும் ஏறுகிற வழியைக் காணோம். அவருக்கு டாக்டர் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

துண்டை மறந்துவிட்டுக் குளிக்கப் போகிற ரகம் அவர். முன்பெல்லாம் அவள் குளியலறைக் கதவுக்கு மேலே இருக்கிற இடைவெளி வழியாக வீசுவாள், நேரே அவர் தலையில் வந்து விழும். இப்போது கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். "அதே பதினஞ்சு லிட்டரே போதும். சுவத்துல இருக்கிற ஓட்டையும் சரியா வரும்" என்றார்.

மகள் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் கேப்பீங்களேப்பா, நம்ம வீட்ல கேக்க மாட்டீங்களா?"

"சரிம்மா, கடைசியா குளிக்கிறது யாரு?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"அம்மாதான். ஏழு மணிக்கு."

கணக்குப் போட அவருக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் தாராளமாகக் குளித்துவிட்டு ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அடுத்து மகன். அப்புறம் இடுப்பு வரை முடி வளர்த்திருக்கும் மகள். ஆறரைக்கு இஸ்திரிப் பெட்டி போடுவதால் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் லைன் தாங்காது. அது அவரே போட்ட சட்டம். ஏழு மணிக்கு அந்தக் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர்.

"நாலு மாசமாவா?"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க குளிச்சாச்சான்னுதானே கேட்டீங்க. குளிச்சேன்ல?"

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எல்லாருக்கும் நேரமாகுது. யாரை நிறுத்தச் சொல்றது? நாளைக்குக் கொஞ்சம் மிஞ்சும், நாளைக்குக் கொஞ்சம் மிஞ்சும்னு பார்த்தேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் யார் வீட்டுக் கடைசி ஆளையோ தெரிந்துவைத்திருந்தவர். அழுகை வந்துவிடும் போலிருந்ததால், குழாயைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனார்.

இருபத்தைந்து லிட்டருக்குச் சொல்லிவைத்தார், அதற்குத் தனி லைனும் இழுத்தார். சரக்கு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"குளிக்கப் போகலையா?"

"நீ போ முதல்ல."

"எனக்கு ஏழு மணிக்குத்தான்..."

"போன்னா போயேன்."

பிள்ளைகளும் முடித்து அவர் முறை வந்தபோது மணி ஏழு. முதல் சொம்புக்கே அவர் போட்ட அலறல் பக்கத்து வீடு வரை கேட்டது.

"குளிச்சாச்சா?" என்று வெளியிலிருந்து அவள் கேட்டாள்.

"ஆ... ஆச்சு" என்றார், பல்லெல்லாம் தந்தியடிக்க. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

புது ஹீட்டர் வந்த பிறகும் அந்த வரிசை மாறவில்லை. கடைசி ஆளுக்கும் வெந்நீர் வந்தது. ஆளை இன்னும் காணோமே என்று முதல் வாடிக்கையாளர்தான் தினமும் போனில் கத்தினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. வழக்கம்போலத் துண்டை மறந்துவிட்டு உள்ளே போயிருந்தார். குரல் கொடுத்துவிட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கையை நீட்டிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் கூப்பிட வாயெடுத்தபோது, மேலேயிருந்து தலையில் தொப்பென்று துண்டு விழுந்தது.

அதை எடுக்கக்கூடத் தோன்றாமல், முகம் மூடியபடியே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.