மாமி வைத்த நெருப்பு

பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் நாங்கள் அகதிகளாகக் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி. பனி கரைந்ததும் போன வருடத்துப் புல் அதில் வைக்கோலாகக் காய்ந்து கிடக்கும். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் சிகரெட் கட்டையைச் சுண்டி எறிவதும் அதற்குள்தான். ஒரு வசந்தத்தில் அப்படிப் பிடித்த நெருப்பு எங்கள் பின்பக்க மரப்படி வரை வந்துவிட்டது.

அடுத்த வசந்தத்துக்கு மட்டக்களப்பிலிருந்து மாமி வந்து சேர்ந்திருந்தார். அப்பாவின் அக்கா, ஊரில் காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் வைத்தவர். காணியை ஒரு பார்வை பார்த்தார்.

"அவனுகள் எரிக்க முதல் நாம எரிச்சிருவம்."

அப்பாவுக்கு உயிர் போய் வந்தது. அடுத்த கிழமை எங்கள் அகதி விசாரணை.

"அக்கா, பொலிஸ் வந்தா எல்லாரையும் திருப்பி அனுப்பிருவானுகள்" என்று கெஞ்சிவிட்டுச் சனிக்கிழமை வேலைக்குப் போனார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மாமி காணியின் நான்கு பக்கமும் ஓர் ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, வெறும் மண்ணாக்கினார். சாக்குகளை நனைத்தார். வாளிகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தார். ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றுப் பார்த்தார். கடைசியாக, ஊர் முறைப்படி அயலுக்கு அறிவித்தார். மரப்படியில் ஏறி நின்று, மூன்று தரம்.

"நெருப்பு வைக்கப் போறம்! ஆடு மாடு நிண்டாச் சாய்ச்சு ஓட்டிட்டுப் போங்க!"

அயலில் இருந்தவர்கள் இத்தாலியரும் கிரேக்கரும். ஆடு மாடு யாரிடமும் இல்லை.

நெருப்பு மாமியின் சொல் கேட்டது. காற்றுக்கு எதிராக மெல்ல ஊர்ந்து, செதுக்கிய மண்ணைக் கண்டதும் அடங்கியது. ஆனால் கத்தலைக் கேட்டுப் புகையையும் கண்ட யாரோ தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

அதிகாரி காணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நெருப்பு வைத்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டார். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான்தான், ஒன்பது வயது. மாமியிடம் தமிழில் சொன்னேன்.

"நான்தான் வச்சன் எண்டு சொல்லு மகள்" என்றார் மாமி, தலை நிமிர்ந்து.

"சிகரெட்டால் பிடித்தது. இவர்தான் அணைத்தார்" என்று அதிகாரிக்குச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டு மாமிக்குக் கை கொடுத்தார். மாமி தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார்: "மெர்சி."

விசாரணை நல்லபடியாக முடிந்தது. சில கிழமைகளில் கரிக்குள்ளிருந்து பச்சைப் புல் எழும்பியது. பந்தோடு போன எங்களை மாமி துரத்தினார்.

"மிதியாதீங்க, இப்பத்தான் வேர் மூச்சு விடுது!"

என் பொய்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று பல வருடம் பெருமைப்பட்டேன். ஆனால் செதுக்கிய மண்ணை அந்த அதிகாரி குனிந்து தொட்டுப் பார்த்ததை நானும் கண்டேன். வரிசையாக நின்ற வாளிகளையும் அவர் கண்டார். தானாகப் பிடித்த நெருப்புக்கு முன்கூட்டியே யார் இவ்வளவு ஆயத்தம் செய்வார்கள்? ஒன்பது வயதில் எனக்கு அது எட்டவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே நான் சொன்னதை எழுதினார். அதற்கு எங்கள் குடும்பம் சொன்ன நன்றி, மாமியின் அந்த ஒரு மெர்சிதான்.