செங்கல் ரொட்டி

எங்கள் பெரியம்மா சுட்ட ரொட்டியை வீட்டில் ஒருவரும் வாயில் வைத்ததில்லை. கறுப்பாக, உருண்டையாக, புளித்த வாடையோடு இருக்கும். அப்பா அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்திருந்தார். ஜாலான் புசார் தெருவில் அவருக்கு இரும்புச் சாமான் கடை, மேலே வீடு. "அண்ணி, இன்னும் நாலு சுட்டுக் குடுங்க, பின்சுவரு இடிஞ்சு கெடக்கு" என்பார். பெரியம்மா சிரிக்கமாட்டாள். மேசையில் சிந்திய துணுக்குகளை விரலால் ஒற்றித் தின்பாள்.

அவள் போலந்துக்காரி. கப்பலில் என்ஜினியராக இருந்த பெரியப்பா லண்டனில் கட்டிக்கொண்டு வந்தார். அவர் செத்த பிறகும் அவள் எங்களோடுதான் இருந்தாள். சண்டைக் காலத்தில் வார்சாவில் ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாமல் என்னென்னவோ கடத்திக் கொடுத்தவள் என்று பெரியப்பா சொல்வாராம். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. சேலையை இடுப்பில் நிற்கவைக்கத் தெரியாதவளா ஜெர்மன்காரனை ஏமாற்றினாள் என்று அம்மா கேட்பாள்.

என் குடும்பத்தைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லப் போவதில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, பாலத்துக்கு அந்தப் பக்க நாட்டில், ஜோகூரில், ஒரு வாத்தியாரை விரும்பினாள். அவர் வேறு சாதி. சொந்தச் சம்பாத்தியத்தில் இருந்த, முப்பதைத் தொடப்போகிற பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி இரும்பு அலமாரியில் பூட்டினார்கள். பாலத்தைத் தாண்டினால்தானே கல்யாணம் செய்துகொள்வாள்? இங்கே ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து, அடுத்த வாரம் பரிசம் என்றார்கள். அவளைத் தனியாக வெளியே விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பரிசத்துக்கு ரவிக்கை அளவு கொடுக்க அம்மா அவளைத் தேக்கா மார்க்கெட் மாடித் தையல்கடைக்குக் கூட்டிப்போயிருந்தாள். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு ரொட்டியைக் கூடையில் வைத்தாள். எனக்கு எட்டு வயது. புது வெள்ளைக் கவுன் போட்டிருந்தேன்.

"தையல்கார அக்கா கடையில அத்தை இருப்பா. அவ கையில குடு."

"நீங்களே போகலாமே."

"நான் போனா ஊரே பாக்கும். உன்னை யாரு பாப்பா?"

எனக்கு ரோஷம் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஓடாதே. யாராவது நிறுத்துனா, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி ரொட்டி வேணுமான்னு நீ கேட்டுடு. குடுத்துட்டு நேரா வா. எங்கயும் நிக்காதே."

ரொட்டியின் அடியைக் குடைந்து, அத்தையின் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்து, வெட்டிய துண்டாலேயே மூடியிருந்தாள். இது எனக்குத் தெரியாது. அலமாரியை எப்படித் திறந்தாள் என்பது யாருக்குமே தெரியாது. பூட்டு விற்றுப் பிழைத்த அப்பா சாகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அப்பா தேக்கா மாடிப்படிக்குக் கீழே, கறிக்கடை பாயோடு பேசிக்கொண்டு நின்றார். கறி வாங்குவது சாக்கு. அத்தைக்குக் காவல் இருந்தார்.

அவர் வாயைத் திறக்கும் முன் துணியை விலக்கிக் கூடையை நீட்டினேன். "அப்பா, ரொட்டி வேணுமா?"

அவர் ரொட்டியை எடுத்துவிட்டார். கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். படிக்கட்டுக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அத இங்க வச்சுட்டுப் போ புள்ள," என்றார் பாய். "கறி வெட்டுற கட்டை தேஞ்சு போச்சு."

"வேணாம் பாய், உங்க கத்தி ஒடஞ்சிடும்லா." அப்பா சிரித்துக்கொண்டே ரொட்டியைக் கூடையில் போட்டார். "தையல்காரம்மாவுக்கா? அவங்க என்ன பாவம் செஞ்சாங்களோ." என் கையில் சில்லறை வைத்தார். "குடுத்துட்டு ஐஸ் கச்சாங் சாப்பிட்டுப் போ."

மேலே அம்மா ரொட்டியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அத்தை வாங்கிக்கொண்டு அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் போனாள். திரைக்குப் பின்னால் இன்னொரு வழி இருந்தது. அவள் பாலத்துக்குப் போகும் உட்லண்ட்ஸ் பஸ்ஸில் ஏறியபோது நான் கீழே உட்கார்ந்து, சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தேன். பாதி வாய்க்குள் போனது, பாதி கவுனில் வழிந்தது. திரும்பும்போது வழியில் ஒரு கடை விடாமல் வேடிக்கை பார்த்தேன்.

பெரியம்மா கடைவாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். என்னை ஓடாதே என்றவள். தரையில் மண்டியிட்டு என் நெஞ்சையும் வயிற்றையும் தடவினாள். கவுனில் இருந்த சிவப்பைத் தொட்டு முகர்ந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை.

"ரொட்டிய குடுத்துட்டேன்," என்றேன் அழுதுகொண்டே.

ரொட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கடையாட்கள் பார்த்தார்கள்.

அந்தக் கோபம் எனக்குப் போகவே இல்லை. சொன்ன வேலையைச் செய்தேன், அறை வாங்கினேன்.

போன வருடம் பெரியம்மா இறந்தாள். நூறை நெருங்கிவிட்டாள். கேலி செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளுக்கு முன்னால் போய்விட்டார்கள். அவள் நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் வந்து பெட்டியின்மேல் கொடி போர்த்தி, வீராங்கனை என்று பேசினார். ஒருநாளும் நம்பாத என் சொந்தக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை ஜோகூரிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அறைஞ்சாங்கன்னு இன்னும் கோவமா உனக்கு?"

"பின்ன?"

"அவங்களுக்கு ஒரு தம்பி இருந்தானாம். அவங்க மூஞ்சி சிப்பாய்ங்களுக்குப் பழகிப்போச்சுன்னு ஒருநாள் ரொட்டியை அவன்கிட்ட குடுத்து அனுப்பியிருக்காங்க. உன் வயசு தான். அவன் திரும்பி வரல."

அத்தை எழுந்து பேரப்பிள்ளைகளிடம் போனாள்.

புதுக் கவுனைப் பாழாக்கியதற்குத்தான் அடி விழுந்தது என்று அன்று நினைத்தேன். சவுக்காரம் போட்டு நானே தேய்தேய் என்று தேய்த்தேன். வீட்டில் எல்லாரும் அத்தையைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தபோது, அந்த ஈரக் கவுனைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். "பாருங்க பெரியம்மா, ஒண்ணுமே ஆகல."

அவள் கவுனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கறைதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.