சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட்

வயர்மேன் வேலையில் உயிரோடு இருக்க இரண்டு சாமான் வேண்டும்: சட்டைப்பையில் டெஸ்டர், காலில் ரப்பர் செருப்பு. ஜவ்வாது மலையில் முதலாவதை வீட்டுக்குள் விடுவார்கள். இரண்டாவது வாசலோடு சரி.

எழுபதுகளின் கடைசியில் காவலூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் கரண்ட் வந்த புதிதில் அங்கே வயரிங் வேலை பார்த்தேன். என் மனைவியின் அண்ணனுக்கும் இதே தொழில்தான். சாணம் மெழுகிய ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஒயரைத் தொட்டவர், அப்படியே போய்விட்டார். அதனால் கல்யாணமான வாரமே மனைவி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள், செருப்பு இல்லாமல் கரண்டில் கை வைக்க மாட்டேன் என்று. இந்தப் பக்கம் சத்தியம், அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மாக்களின் சுத்தம். நடுவில் நான் முழித்த முழி, வீட்டில் வேலை செய்யாத பாயிண்ட் ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடும் உங்களுக்குப் புரியும்.

சந்தனம்

புளியந்தோப்பு வைத்திருந்த வேடி வீட்டில்தான் ஆரம்பம். வேடிக்கு ரேடியோ பைத்தியம். அவர் மனைவி முனியம்மா, பிளக் பாயிண்டைச் சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் புதிதாக வந்த நல்லதை வேறு எங்கே வைப்பது என்பது அவர் கட்சி.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ரேடியோ பாடவில்லை என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பாயிண்டின் எல்லா ஓட்டையிலும் சந்தனம், மேலே குங்குமம். சிமெண்ட் மாதிரி காய்ந்திருந்தது. மெயின் வெளிச்சுவரில் இருந்ததால் அதை அணைத்துவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய், கோணி ஊசியால் சுரண்டி எடுத்தேன். ஓட்டைக்குள் சந்தனம் அடைத்தால் கரண்ட் பிளக்குக்கு வராது என்று முனியம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கத்திக்கு வெக்கிறோம், ஏருக்கு வெக்கிறோம், ஒண்ணும் ஆவல. ஒங்க கரண்டுக்கு மட்டும் இன்னா வந்துச்சுங்க?"

தீக்குச்சி

அடுத்தது வேடியின் கைவேலை. ரேடியோவின் பிளக் உடைந்துபோனதும், ஒயரைச் சீவி, கம்பிகளை ஓட்டையில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகியிருந்தார். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இந்த வைபவம் நடந்திருக்கும். குச்சிகள் உள்ளேயே முறிந்து அடைத்துக்கொண்டன. மறுபடியும் மெயினை அணைத்து, மறுபடியும் கோணி ஊசி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புது பிளக் மாட்டிக் கொடுத்து, இனி இதில் கை வைத்தால் ஆளையே தூக்கிவிடும் என்று கத்தினேன். வேடி நிதானமாகக் கேட்டார்: "குச்சி சொருகனப்போ நல்லாத்தானே பாடிச்சு? நின்னப்புறந்தானேண்ணா ஒங்கள கூப்ட்டேன்?"

வாசல்

மூன்றாவது தடவை பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டை சுத்தம், பிளக் புதுசு, ரேடியோ மட்டும் ஊமை. கரண்ட் எதுவரை வருகிறதென்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கரண்ட் இருக்க வேண்டும். கரண்ட் இருந்தால் எனக்குச் செருப்பு வேண்டும். முனியம்மாவோ அப்போதுதான் தரையை மெழுகி முடித்திருந்தார். சாமி பக்கத்தில் செருப்பா என்று வாசலை மறித்துக்கொண்டார். சாமை மூட்டை மேல் ஏறி நிற்கட்டுமா என்றேன். சாப்பிடும் பொருள் மேல் காலா என்றார். பலகை கேட்டேன், இருந்த ஒரே பலகையில் சாமி படம் இருந்தது.

மச்சான் செத்த கதையைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது, வழி மட்டும் விடவில்லை. எனக்கும் வெறுங்காலோடு போகத் தைரியம் வரவில்லை. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. யாரும் தொடாதீர்கள், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினேன். வேடி பின்னாலேயே வந்து சொன்னார்: "செத்த பாயிண்டுக்குப் போயி இவ்ளோ பயப்படுறீங்களேண்ணா!"

புளியமரத்தடி

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே செய்தி வந்துவிட்டது, வேடியைக் கரண்ட் அடித்துவிட்டதென்று. கிளாஸை எங்கே வைத்தேன் என்றே தெரியாது. முனியம்மாவையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே ஓடினேன். வழியெல்லாம் மச்சானின் முகம்தான். வேடி புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனி கருகி, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ரேடியோ பாடவில்லை, அதனால் பாயிண்டில் கரண்டே இல்லை என்று மெயினைக்கூட அணைக்காமல் மூடியைக் கழற்றி ஒயரைப் பிடித்திருக்கிறார். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டுக்கு வர ஒரு ஒயர், திரும்பிப் போக ஒரு ஒயர். திரும்பும் ஒயர் கழன்றுவிட்டால் ரேடியோ பாடாது. வரும் ஒயரில் கரண்ட் அப்படியே காத்திருக்கும். நல்லவேளை, உதறித் தள்ளிவிட்டது. இதை விளக்கியபோது வேடி ஈனக்குரலில் சொன்னார்: "ரேடியோதான் பாடலண்ணா. அதுக்கும் சேத்து நான் பாடிட்டேன்."

பொட்டு

வேலையை முடிக்க எழுந்தேன். வாசலில் முனியம்மா நின்றார். என் செருப்பைக் கழற்றச் சொல்லி வாங்கினார். மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்தார். இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே கொண்டுபோய்ப் பாயிண்டுக்கு நேர் கீழே வைத்துவிட்டு, சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் போய் அதன் பக்கத்தில் நின்றேன். கால் எழவில்லை. பொட்டு வைத்ததன் மேல் எப்படி மிதிப்பது? முனியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இதுவும் கத்தி, ஏரு மாதிரி ஆயுதந்தாங்க, ஏறி நில்லுங்க. ஒங்க வூட்லயும் ஒருத்தி காத்துனு கீறாங்க இல்ல?"

ஆக, செருப்பை உள்ளே விடச் சொல்லி ஒரு மலையோடு மல்லுக்கட்டிய நான், விட்ட அன்றைக்கு அதில் கால் வைக்கக் கூசி நின்று, அதற்கும் அந்த அம்மாவிடமே திட்டு வாங்கிய பிறகுதான் டெஸ்டரை வெளியே எடுத்தேன்.