வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சம்பா அறுவடை ஓய்ந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் என் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். கால்பந்து ஆட்டம் தொடங்க வேண்டும். வழக்கமாக அறிவிப்புச் செய்கிறவர் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார். சும்மா உட்கார்ந்திருந்தவர்களில் நன்றாகப் பேசக்கூடிய முகம் என்னுடையது என்று மைக் செட்காரர் கணித்தார். அவர் மனிதர்களைக் கணிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

என் வேலையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே என் நாற்காலி. வாரத்தில் ஆறு நாள் அங்கே உட்கார்ந்து, யாரும் கேட்டு வராத புத்தகங்களைப் படித்து, யாரிடமும் சொல்ல வாய்க்காத கருத்துகளைப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அப்படிப்பட்டவனிடம் மைக் கிடைத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. அடுத்தடுத்த ஹோம் மேட்சுகளுக்கும் நானே போய் மைக்கை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் அமைதி கிடைத்ததில் என் மனைவிக்கு ரொம்பத் திருப்தி.

எங்கள் ஊர் கிளப் அப்போது மாவட்ட லீக்கின் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. பட்டியலைக் கீழிருந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் பெயர் உடனே கிடைத்துவிடும். அந்த சீசனையும் கடைசி இடத்தில் முடித்தால் மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். பதினோரு பேர் ஆடுவதைப் பதினான்கு பேர் பார்ப்போம். அந்தப் பதினான்கிலும் இரண்டு பேர் ஆடு மேய்க்க வந்தவர்கள்.

நான் மைக் பிடித்த பிறகு கூட்டம் சேர்ந்தது. ஆட்டம் அதே ஆட்டம்தான்; அவர்கள் வந்தது என் பேச்சுக்கு. என் பேச்சு பிழைத்தது எங்கள் கோல்கீப்பரால். முப்பது வயதிருக்கும். பாசன வாய்க்கால் மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. மேட்டூர் அணையை மூடி ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகு வேலை குறைவு என்பதால் லீக் ஆட வந்துவிடுவார். இந்தத் தகவல் என்னைப் போன்ற ஒருவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

"நம்ம கீப்பர் ஷட்டரைத் தூக்கிட்டாருங்க. இனிமே கடைமடை வரைக்கும் பாயும்" என்பேன், பந்து உள்ளே போனதும். இரண்டாவதும் போனால், "முறை வைக்காம தொறந்து விடறாரு. விவசாயிகள் சார்பா நன்றி தெரிவிச்சுக்கறோம்." கூட்டம் சிரிக்கும். எதிரணிக்காரர்களே கோல் போட்டுவிட்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். கீப்பர் மட்டும் குனிந்து வலையிலிருந்து பந்தை எடுப்பார். ஒரு நாளும் என்னைப் பார்த்து முறைத்ததில்லை. என் நகைச்சுவை அவ்வளவு தரமானது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மைதானத்து ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு இரண்டு ஸ்பீக்கர்களைக் கட்டியிருப்பார்கள். ஒன்று மைதானத்தைப் பார்த்திருக்கும். இன்னொன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தென்னந்தோப்பையும் நாலைந்து வீடுகளையும் பார்த்திருக்கும். என் பேச்சில் சரிபாதி தேங்காய்களுக்குப் போகிறதே என்று எனக்கு மனசு ஆறவில்லை. நாலாவது ஹோம் மேட்ச் அன்று மைக் செட்காரரிடம் அதைத் திருப்பிக் கட்டச் சொன்னேன்.

"நான் நேராத்தான் சார் கட்றேன். கீப்பர்தான் ஏறித் திருப்பி வச்சுர்றாரு."

"எதுக்கு?"

"அவங்க அண்ணன் அங்கதானே படுத்திருக்காரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள் எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். வயரை இழுத்துக்கொண்டே அவர் சொன்னார். முன்பு இந்தக் கிளப்புக்குக் கீப்பராக இருந்தவர் அந்த அண்ணன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் வந்தவரை ஒரு டெம்போ தட்டிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் முதுகு தாங்காது. செல்போனில் ஆட்டத்தைப் பிடித்துக் காட்டிப் பார்த்தார்கள்; பந்து கடுகு அளவுக்குத் தெரிந்தது. அதனால்தான் ஸ்பீக்கர். வெளியூரில் ஆடினால் அவருக்கு முடிவு மட்டும்தான் கிடைக்கும். ஹோம் மேட்ச் என்றால்தான் அவருக்கு ஆட்டம்.

அன்று கீப்பர் அந்தக் கம்பத்தில் ஏறுவதை நான் முதல் தடவையாகக் கவனித்தேன். கையுறைகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் அவரை என்னென்ன சொல்லப் போகிறேனோ, அத்தனையும் அண்ணன் காதில் சரியாக விழும்படி ஸ்பீக்கரைத் திருப்பி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். பிறகு ஓடிப்போய் கோலில் நின்றுகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் நான் படித்தவன் அல்லவா? ஒரு தப்பு தெரிந்ததும் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்து அதைச் சரிக்கட்டப் பார்த்தேன்.

அன்று எங்கள் கீப்பர் ஆடியதுபோல இந்த மாவட்டத்தில் யாரும் ஆடியதில்லை, அதாவது, ஸ்பீக்கரில். முதல் பந்து அவர் கைக்கு அடியில் புகுந்து வலையில் விழுந்தது. "பாய்ஞ்சாரு, புடிச்சாரு" என்றேன். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது கோலை அவர் விரல் நுனியால் தட்டிவிட்டதாகச் சொன்னேன். மூன்றாவதைக் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பவைத்தேன்.

இடைவேளையில் ரெஃப்ரி வந்தார். "சார், ஒங்க கணக்குல எத்தனைன்னு சொல்லிருங்க. நானும் அதையே எழுதிர்றேன்." கூடவே வந்த எதிரணிக் கேப்டனுக்கு நிஜமாகவே வருத்தம். "மூணு போட்டும் ஒண்ணுகூடக் குடுக்க மாட்டேங்கிறீங்களே சார்."

மைக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். ரெஃப்ரி விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கேப்டன் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி சார். அடுத்தது போட்டா அதையாவது கோல்னு சொல்லுங்க. எங்க ஊர்லேருந்து வேன் வச்சு வந்திருக்காங்க" என்றார். சொன்னபடி அவர் ஒன்று போட்டார். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் கீப்பர் நேராக என்னிடம் வந்தார். அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணன் ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க சார்."

வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது, நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதை எவ்வளவு அடக்கமாக மறுக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

ஜன்னலை ஒட்டிக் கட்டில். சுவரில் மாதா படம். அண்ணன் என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார், அகலமான தோள்கள். அவர் மனைவி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இன்னிக்கு எத்தனை வாங்குனான் சார்?"

"ஒண்ணு."

"நாலு" என்றார். "கோல் விழுந்தா பந்த சென்டர்ல வச்சு விசில் ஊதுவாங்கள்ல. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குக் கால்தான் போச்சு சார், காது இருக்கு."

தம்பி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நிதானமாகப் பேசினார்.

"என்னப் பாக்க வர்றவங்க எல்லாருமே பொய்தான் சார் சொல்றாங்க. டாக்டரு, அடுத்த மாசம் பாப்போங்கிறாரு. மாமியாரு, கிறிஸ்துமஸுக்கு நடந்துருவீங்க மாப்ளங்கிறாங்க. எந்தக் கிறிஸ்துமஸுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஞாயித்துக்கெழம இந்த ஒண்ணரை மணி நேரந்தான் நெசமா ஒண்ணு நடக்குது எனக்கு. அதையும் இன்னிக்குக் கெடுத்துட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். இத்தனை நாள் கிண்டல் செய்ததற்கும் சேர்த்துக் கேட்டேன்.

"கிண்டல் நல்லாத்தான் சார் இருக்கு. இவளும் சிரிப்பா" என்றார். மனைவி கொஞ்சம் சங்கடத்தோடு தலையாட்டினார். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஷட்டரத் தொறந்துட்டாருங்கிறீங்க, கடைமடைக்குப் பாயுதுங்கிறீங்க. பந்து எங்கேருந்து வந்துச்சு? எடமா, வலமா? இவன் எங்க நின்னான், முன்னால வந்தானா, கோட்டுலயே நின்னானா? ஒரு நாளு சொன்னதில்லையே சார் நீங்க."

யோசித்துப் பார்த்தேன். நாலு ஆட்டம், ஆறு மணி நேரம் பேசியிருக்கிறேன். பந்து எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், பந்து எங்கே என்று எனக்கே தெரியாது. அடுத்த ஜோக்கைத் தயார் செய்வதில் ஆட்டத்தைப் பார்க்க நேரமிருந்ததில்லை. ஒரு மனிதர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பந்தைத் தேடியிருக்கிறார். நான் அவருக்கு என் புத்திசாலித்தனத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்க தப்புப் பண்றான்னு தெரிஞ்சாத்தானே சார் நான் இவனத் திட்ட முடியும்" என்றார் அண்ணன். கதவோரம் நின்றவர் அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த ஹோம் மேட்சுக்கு ஒரு நோட்டோடு போனேன். "எடது பக்கம் கார்னர். நம்ம கீப்பர் பக்கத்துக் கம்பத்தை விட்டு ரெண்டடி தள்ளி நிக்கிறாரு" என்றேன். ஸ்பீக்கர் எல்லோருக்கும் பொதுவானது என்பதை மறந்துவிட்டேன். கீப்பர் தன் காலைக் குனிந்து பார்த்தார், இரண்டடி நகர்ந்துகொண்டார். பந்து நேராக அவர் கைக்கு வந்தது. எதிரணி சண்டைக்கு வந்தது. "சார், நீங்க பழையபடி பொய்யே சொல்லுங்க, எனக்கு வேலை சுலபம்" என்றார் ரெஃப்ரி. பந்து ஓய்ந்த பிறகுதான் யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லலாம் என்று ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

ஜோக் குறைந்ததும் கூட்டமும் கொஞ்சம் குறைந்தது. நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு விசாரணை நடக்கும். அண்ணன் போர்வையின் மேல் இரண்டு மாத்திரை டப்பாக்களைக் கம்பமாக வைத்துக்கொள்வார். என் நோட்டிலிருந்து நான் வாசிக்க வாசிக்க, "இங்கேருந்துதானே அடிச்சான்? நீ ஏண்டா அங்க போன?" என்று தம்பியைப் பிடித்துக்கொள்வார். மனைவி டீயை வைத்துக்கொண்டு, யாராவது டப்பாவை நகர்த்தினால்தான் டம்ளரை வைக்க இடம் கிடைக்கும் என்று நிற்பார். நாலாக இருந்த கோல் இரண்டாயிற்று, பிறகு ஒன்று.

கடைசி ஹோம் மேட்சுக்கு வந்தபோது கணக்கு எளிமையாக இருந்தது. தோற்காமல் இருந்தால் இரண்டாம் டிவிஷனில் தங்கலாம். அன்று கீப்பர் பிடித்த பந்துகளை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, தேவைப்படவில்லை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எதிரணிப் பையன் ஒருவன் வெகு தூரத்திலிருந்து அடித்தான். விசில் ஊதினார்கள். நான்தான் பேச வேண்டும்.

"கோல்" என்றேன். "வலது பக்கம், முப்பது கஜம் இருக்கும். பந்து காத்துல வளைஞ்சு மேல் மூலைக்குப் போச்சு. நம்ம கீப்பர் நிக்க வேண்டிய எடத்துல நின்னாரு. சரியான நேரத்துல பாய்ஞ்சாரு. கைக்கு மேல ஒரு சாண் ஒயரத்துல போயிருச்சு. இதை யாராலயும் புடிச்சிருக்க முடியாது."

தோற்றோம். கீப்பர் கோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். போய்க் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நானும் அந்த வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் நோட்டைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். அப்போது பாலத்தைத் தாண்டி அண்ணனின் மனைவி வருவது தெரிந்தது. அவர் மைதானத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அவரு ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. யாராலயும் புடிச்சிருக்க முடியாதுன்னீங்களே, அது நெசந்தானா?"

"நெசந்தாம்மா."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு கோலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"எந்திரிங்க தம்பி. இது ஒங்க தப்பு இல்லையாம். வீட்டுக்கு வரச் சொல்றாரு."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்றாரு அண்ணி."

"அவரா சொல்லல. சார் சொன்னாரு, ஒங்கண்ணன் நம்பிட்டாரு. நீங்களும் எந்திரிங்க."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு புல்லைத் தட்டிவிட்டு எழுந்து, அண்ணியோடு பாலத்தைப் பார்த்து நடந்தார்.

இப்போது நாங்கள் மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறோம். அங்கேயும் பட்டியலைக் கீழிருந்து படிப்பது நல்லது. மைக்கில் பேசி நிறையப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், ஆனால் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நிஜம்தானா என்று கேட்டு, நிஜமென்று எடுத்துக்கொண்டு, அதன் பலத்தில் ஒரு வீடு தன் தோல்வியைத் தாங்கிக்கொண்டதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.