பாடி எங்கே, பாஷா எங்கே

கொல்கத்தாவுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு டீக்கடைக்காரர் என்னிடம், “தோமார் பாடி கொதாய்?” என்று கேட்டார். நம் பக்கத்தில் பாடி என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வருவது. எனக்கு வேண்டியவர் யாரோ செத்துப்போய்விட்டார் போலிருக்கிறது என்று பயந்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன். உன் ஊர் எது என்றுதான் அவர் கேட்டார் என்பது தெரிய ஒரு மாதம் ஆனது. வாய் திறந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் சுபாவம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. காதில் விழுவதைச் சேர்த்து வைத்துத்தான் இந்த ஊர்ப் பேச்சைக் கற்றேன்.

பாடி என்றால் வீடு. ஆனால் வங்காளிகள் “பாடி எங்கே” என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்ல வேண்டும். இப்போது தங்கியிருக்கும் இடத்துக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. அது பாஷா. இந்த இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு தப்பால், கிடர்பூரில் நான் காவல் இருக்கும் தங்குமிடத்துக்குப் பூட்டு விழ இருந்தது.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மேஸ்திரி ஒருவர் கட்டட வேலைக்கு என்று கூட்டிவந்தார். கட்டடம் முடிந்ததும் அவர் வேறு ஊருக்குப் போனார். எனக்கு ரயிலேற மனம் வரவில்லை. துறைமுகத்து மதிலை ஒட்டி லாரிகளில் சுமை இறக்கிக்கொண்டு, அந்த மதிலடியிலேயே படுத்துக்கொண்டு சில வருடங்கள் கழித்தேன். பிறகு வீடில்லாதவர்களுக்கான இந்தத் தங்குமிடம் திறந்தது. பழைய பள்ளிக்கூடத்தின் மாடி. முதலில் அங்கே படுக்க வந்தவர்களில் நானும் ஒருவன். பஸ் பலகைகளைப் பார்த்து எழுதிப் பழகிய என் வங்காள எழுத்து குண்டு குண்டாக, வாசிக்கும்படி இருந்தது. அதைப் பார்த்துத்தான் இடத்தை நடத்தும் சமிதியின் செயலாளர் என்னைக் காவலுக்கு வைத்து, பதிவேட்டையும் கையில் கொடுத்தார். எழுதுகிற வேலை எனக்குப் பிடித்தது. பேசுவதைவிட அது எளிது.

எல்லாமே சர்க்கார் பணம். வருடத்துக்கு ஒரு முறை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால், மறு வருடத்துக்குப் பணம் வரும். மெத்தை, கொசுவலை, கரண்ட் பில், தண்ணீர் மோட்டார், பெண்கள் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் அதிலிருந்துதான். அது பெரிய பணமா சின்னப் பணமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மதிலடியில் படுத்தவனுக்கு அது என்ன என்று மட்டும் தெரியும். மழை வந்தால் எழுந்து ஓட வேண்டாம். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தெருவில் இருப்பவர்கள் தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதையும் வாங்க மாட்டார்கள். இங்கே வந்து இரண்டு வருடம் ஆன ஒரு மாஷி, நம் பக்கத்தில் சித்தி என்போமே அப்படி, மீன் மார்க்கெட்டில் கூடை கழுவுகிறவள், அந்த மாதம்தான் ஓர் இரும்புப் பெட்டி வாங்கியிருந்தாள். பச்சை பெயிண்ட் அடித்த, இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. மாடிப்படியில் அதை ஏற்றியதில் என் கட்டைவிரல் நசுங்கியது.

“உள்ளே வைக்க என்ன இருக்கு மாஷி?” என்று கேட்டேன்.

“ரெண்டு புடவை இருக்கு. மீதிக்கு இடம் இருக்கட்டும் தாதா, ஒண்ணொண்ணா வரும்” என்றாள். இங்கே தாதா என்றால் அண்ணன்.

அடுத்த வாரம் ஆபீஸ்காரர் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். இந்திக்காரர். காலை நேரம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். செயலாளர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். நான்தான் இருந்தேன். ஆபீஸ்காரர் மெத்தைகளைத் தொட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், நல்லபடியாகத் தலையாட்டினார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். அவருக்கு வங்காள எழுத்துத் தெரியாது. கூட வந்த பியூன் ஒவ்வொரு வரியாக வாசித்தான்.

“கோசாபா. கேனிங். கயா ஜில்லா. கோசாபா. சங்கரன்கோவில்...”

“இது என்ன கட்டம்னு தெரியுமா?” என்று ஆபீஸர் என்னைக் கேட்டார். கட்டத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. வீடு என்று எழுதியிருக்கிறது என்று யாரோ ஒரு காலத்தில் சொன்னதை வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் “பாடி எங்கே?” என்று கேட்டு எழுதி வந்தவன் நான்.

“சொந்தமா நிரந்தர வீடு இருந்தா அதோட விலாசத்தை எழுதற கட்டம். இல்லாதவங்களுக்குக் காலியா விடணும். உன் புஸ்தகத்துல ஒரு கட்டம்கூடக் காலியா இல்ல. எல்லாருக்கும் வீடு இருக்கு. அப்புறம் வீடில்லாதவங்க பணத்தை இங்க எப்படிச் செலவு பண்றது?”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. “எழுதியிருக்கறதைப் படிக்கறவன்பா நான். வியாழக்கிழமை சாயங்காலம் வரேன். பதில் இருந்தா சொல்லு. இல்லேன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் வந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தது மாஷிதான்.

“என் பாடிதானே? இருக்கே, கோசாபாவுல, ஆத்துக்குள்ள. உன் பாபுவைப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு. படகுக்கு நான் ஏற்பாடு பண்றேன். முங்கத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். இந்த இடம் மூடினால் அந்தப் பெட்டியோடு போக அவளுக்கு ஓர் இடமும் கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்த மாதிரி அவளுக்கும் தெரிந்திருந்தது.

எங்களில் இன்னொரு தமிழர் இருந்தார். சங்கரன்கோவில்காரர், பாலிகஞ்சில் தமிழ்ப் பையன்கள் சாப்பிட்ட ஒரு மெஸ்ஸில் சமையல் பார்த்தவர். மெஸ் மூடியதும் அறையும் போய் இங்கே வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒம்மகிட்ட ஒண்ணு கேக்கேன் வே. நான் வந்த அன்னைக்கு எங்கிட்ட என்ன கேட்டீரு?”

“எந்த ஊருன்னு கேட்டேன்.”

“வீடு எங்கன்னு கேட்டீரா?”

“இல்ல அண்ணாச்சி. தமிழ்ல எவன் அப்படிக் கேப்பான்?”

“கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்? வீடு இருந்தா நான் எதுக்குவே ஒம்ம மொகரையப் பாத்துட்டு இங்க கெடக்கேன்னு சொல்லிருப்பேன். சங்கரன்கோவில்ல எனக்கு ஒத்தச் செங்கல் கெடையாது. ஆனா நீரு எழுதி வச்சிருக்கீரு. ஊரைக் கேட்டுட்டு வீட்டுக் கட்டத்துல எழுதினா, பாக்கவன் என்ன நெனைப்பான்?”

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வங்காளியிடம் பாடி எங்கே என்று கேட்டேன். அவர்கள் ஊரைச் சொன்னார்கள். அண்ணாச்சியிடம் நேராக ஊரையே கேட்டேன். எல்லோரும் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். பாஷா எங்கே என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, அதுதான் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன்.

“இதை அப்படியே அந்த ஆளுகிட்டச் சொல்லும்” என்றார் அண்ணாச்சி.

“நீங்க சொல்லுங்களேன்.”

“எனக்கு இந்தில உப்பு, புளி, மொளகாதான் தெரியும். ரசம் வச்சுக் காட்டவா?”

புதன்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் வங்காளத்தில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் மறுபடி எழுதினேன். வியாழக்கிழமை ஆபீஸர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “எனக்கு வங்காளம் படிக்கத் தெரியாதுன்னு அன்னைக்கே பார்த்தியே” என்றார். பியூன் அன்று வரவில்லை.

மாடி நிறைய ஆட்கள். மாஷி தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, பேசும் பேசும் என்று கண்ணால் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தியில் ஒரு வாக்கியம்கூட எனக்குச் சேரவில்லை. சேர்ந்தது வங்காளத்தில் ஒரே ஒரு கேள்விதான். வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் கேட்டுப் பழகியது. அது தானாக வாயில் வந்தது.

“சார், உங்க பாடி எங்கே?”

சொன்ன பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியம்தான். இந்த ஊரில் அந்தக் கேள்வியை அவரிடமும் நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும்.

“கான்பூர்” என்றார்.

“அங்கே வீட்டுல இப்ப யார் இருக்காங்க சார்?” பாதி வங்காளம், பாதி இந்தியாகக் கேட்டேன்.

“யாரும் இல்ல. அப்பா இருக்கும்போதே வித்தாச்சு. நான் இங்க கார்டன் ரீச்ல வாடகைக்கு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மடியில் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

“நானே வந்து இங்க படுத்தாலும் நீ கான்பூர்னுதான் எழுதியிருப்பே.”

“ஆமா சார். அதுதான் தப்பு. தப்பு என்னோடது சார், இவங்களோடது இல்ல.”

நான் அவ்வளவு பேர் நடுவில் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை. மாஷி ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“எனக்குப் புரிஞ்சா மட்டும் போதாது. மேலே இருக்கறவங்க என்னை மாதிரியே காகிதத்தைத்தான் பார்ப்பாங்க. எல்லாரும் இருக்காங்க இல்ல? புதுப் பக்கம் எடு. ஒவ்வொருத்தரையா கேளு. நான் பக்கத்துலயே இருக்கேன்” என்றார்.

கோடு போட்டேன். பாடிக்கு ஒரு கட்டம், அது இப்போது இருக்கிறதா என்பதற்கு ஒரு கட்டம், பாஷாவுக்கு ஒரு கட்டம். வரிசையாக வந்தார்கள். இத்தனை வருடமாகத் தெரிந்தவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவருடையதை ஆறு கொண்டுபோயிருந்தது. ஒருவருடையதைத் தம்பி எழுதி வாங்கியிருந்தான். கயா ஜில்லாக்காரர் மனைவியின் வைத்தியத்துக்கு விற்றிருந்தார். அண்ணாச்சி முறை வந்தபோது ஆபீஸருக்குக் கேட்கும்படி, “நஹி” என்றார். பிறகு என்னிடம் தமிழில், “இதாவது ஒழுங்கா எழுதும்” என்றார்.

பாஷா எங்கே என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். எகானே. இங்கேதான். முதல் சிலர் கூச்சத்தோடு சொன்னார்கள். போகப்போகக் குரல் ஏறியது. நான் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்தார்கள். ஆபீஸர் அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு, கடைசியில் அவரே ஒவ்வொருவரையும் பார்த்து, “எகானே?” என்று கேட்டுத் தலையாட்டினார். முடிந்ததும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். “ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் யார் வந்தாலும் இந்தப் பக்கத்தைக் காட்டு” என்றார். படியிறங்கத் திரும்பும்போது மாஷியின் பெட்டியில் இடித்துக்கொண்டு, “இவ்வளவு பெரிய பெட்டியா?” என்றார். மாஷி அவருக்கும் ஒரு டீ வாங்கி வைத்திருந்தாள். ஆறிப்போன அந்த டீயை நின்றபடி குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் வந்தது. மழைக்கு முன் ஜன்னல்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தோம். டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியது. மாஷி என்னைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி மூடியில் விலாசம் எழுதித் தர வேண்டுமாம்.

“இந்த இடத்து விலாசம்தானே?”

“அதுதான். பாஷான்னு போட்டு எழுது.”

எழுதினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“மேலே இடம் இருக்கே தாதா. கோசாபாவையும் எழுதேன்.”

“அங்கதான் ஒண்ணும் இல்லையே மாஷி.”

“ஆத்துக்கு எப்ப என்ன புத்தி வரும்னு யாருக்குத் தெரியும்? திருப்பிக் கொடுக்க வந்தா எங்கிட்டதான் கொடுக்கணும் இல்ல?”

பாடி, கோசாபா என்று மேல் வரியில் எழுதினேன். எழுத்து காயும்வரை அவள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் அன்றைக்கு இரண்டு புடவையோடு ஒரு போர்வையும், ஓர் அலுமினியப் பாத்திரமும் சேர்ந்திருந்தன.