சுபாவிடம் கேட்க வேண்டியவை

ஷ்யாம் ஐம்பத்திரண்டு வயதில் பதினோராவது தடவையாகக் குடி மாறினார். பதற வேண்டாம், ஹைதராபாத் திருமுல்கேரியில் அதே வாடகை வீடுதான், சொட்டுகிற குழாயும் அதேதான். மாறியது அவருடைய குறிப்புகள் குடியிருந்த மென்பொருள்.

ஐடி கம்பெனியில் அவருக்கு டெஸ்டர் வேலை. அடுத்தவன் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துப் பிழைக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் குறிப்பெடுக்கும் மென்பொருளைக் கட்டிக்கொண்டு கிடப்பார். அதிலும் அவுட்லைனர் என்றால் உயிர். ஒரு தலைப்பு, அதற்கடியில் கிளைகள், கிளைக்கடியில் குட்டிக் கிளைகள். வேண்டாதபோது மடக்கி வைக்கலாம், வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம். மளிகைச் சாமானிலிருந்து மாமனார் கண் ஆபரேஷன் வரை எல்லாவற்றையும் அதில் போட்டு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தேதியும் போட்டுவிடுவார்.

இப்படிப்பட்டவர் குறிப்பெடுக்கும் மென்பொருளின் வரலாற்றைத் தமிழில் ஒரு புத்தகமாக எழுத ஒப்புக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஒன்பது வருஷம் ஆகியும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்பதுதான் விஷயம். பதிப்பாளர் நடேசன் பொறுமைசாலி. மூன்று தடவை தவணை கொடுத்தவர், போன வாரம் கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டு, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். வாழ்நாளில் ஷ்யாம் ஆசைப்பட்ட ஒரே காரியம் அந்தப் புத்தகம்தான்.

அப்படி ஆசைப்பட்ட மனுஷன் எழுத உட்கார வேண்டுமா இல்லையா? அதுதான் இல்லை. சனிக்கிழமை காலையில் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, குறிப்புகளை எல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்ற ஆரம்பித்தார். புதியதில் எழுத்து கடகடவென்று ஓடுமாம். பழையதை அழித்தால்தான் புதியதில் மனசு ஒட்டும் என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. மாற்றும் வேலை முடிந்ததாகத் திரை சொன்னதுமே பழைய கணக்கை மொத்தமாக அழித்தார். அதற்கப்புறம்தான் புதியதைத் திறந்து பார்த்தார்.

மரத்தைக் காணோம். தலைப்பு, கிளை, குட்டிக் கிளை என்ற பேதமெல்லாம் போய், ஒவ்வொரு வரியும் தனித்தனிக் குறிப்பாகி, ஆறாயிரத்துச் சொச்சம் வரிகளும் அகர வரிசையில் நின்றன. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஒருவர் கடைக்குப் போகிற பட்டியலைத் திரையில் மடக்கியும் விரித்தும் காட்டிய சேதி, 'அரிசி பத்து கிலோ'வுக்கு அடுத்தபடியாக இருந்தது. எண்பதுகளில் அவுட்லைனர்கள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களிடம் சக்கைப்போடு போட்டதும், பிறகு பெரிய எழுத்து மென்பொருள்கள் அந்த வித்தையைத் தங்களுக்குள் இழுத்துக்கொண்டதும், இணையம் வந்தபின் அது மறுபடி தலையெடுத்ததும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

ஷ்யாம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்லூரிக்குப் போகும் மகள் வர்ஷினி எட்டிப் பார்த்தாள். ஏழு வயதில் ஹைதராபாத் வந்த பெண், அவளுடைய தமிழில் நாலு ஊர் பேச்சு கலந்திருக்கும். அப்பா முதல் வரியை இழுத்து ஒரு தலைப்புக்கடியில் வைக்கப் போவதைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோ டாடி, வேண்டாம். திரும்ப அடுக்க உட்கார்ந்தா இன்னும் ஒன்பது வருஷம் போயிடும். சும்மா மேலேர்ந்து படிங்க."

வேறு வழியில்லை, படித்தார். ககரத்தைத் தாண்டிச் சகரத்துக்கு வந்தவர் நின்றுவிட்டார். 'சுபாவிடம் கேட்க' என்று தொடங்கும் வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, நாற்பத்தொன்று.

சுபா என்கிற சுபாஸ்ரீ அவருடைய மனைவி. பக்கத்தில் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூர் கோபாலபுரத்தில் ராமசுவாமி என்ற வக்கீலிடம் நாலு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். அந்த வக்கீல் தன் வாதங்களை எல்லாம் விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து அவுட்லைனர் ஒன்றில்தான் வைத்திருந்தார். ஆக, எந்தச் சாமானைப் பற்றி ஷ்யாம் வெளிநாட்டுப் பக்கங்களைத் துருவித் துருவிப் படித்துக்கொண்டிருந்தாரோ, அதில் நாலு வருஷம் வேலை பார்த்தவர் அவருக்குத் தினமும் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஷ்யாம் பொறுப்பாகக் குறித்து, பொருத்தமான கிளையில் வைத்து, மடக்கிவிட்டார். ஒன்றைக்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். சுபாஸ்ரீ பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பத்தொரு வரிகளையும் மேலோட்டமாகப் பார்த்தார். சிரிக்கவா கோபப்படவா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏனுங்க, பக்கத்து ரூம்லதான இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

பிறகு ஷ்யாம் ஒவ்வொன்றாகக் கேட்டார், சுபாஸ்ரீ சொன்னார். ஏழாவது கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் ஷ்யாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மென்பொருளில் திரையில் என்ன தெரிகிறதோ அதுதான் அச்சாகும். ஒரு நாள் காலை அவசரத்தில் சுபாஸ்ரீ கிளைகளை விரிக்க மறந்து அச்செடுத்துவிட்டார். இருபது பக்கம் வர வேண்டியது, ஏழே ஏழு வரி. அதைப் பார்க்காமலே மடித்து எடுத்துக்கொண்டு வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். இனி வேலை போனது என்று சுபாஸ்ரீ மத்தியானச் சோற்றைக்கூடத் தொடவில்லை. திரும்பி வந்த ராமசுவாமியோ, இத்தனை நாள் காகிதத்தைப் பார்த்துப் பேசினேன், இன்றைக்குத்தான் நீதிபதியின் முகத்தைப் பார்த்துப் பேசினேன் என்றாராம். அன்றிலிருந்து அவருக்கு மடக்கிய அச்சுதான்.

"அடியில எல்லாம் பத்திரமா இருக்குதுன்னு தெரிஞ்சா போதுமுங்க, மேல ஏழு வரி போதும். நீங்க மடக்கறதோட நிறுத்திக்கிட்டீங்க" என்றார் சுபாஸ்ரீ.

அவுட்லைனர் எதற்காக என்று ஒன்பது வருஷமாக ஷ்யாம் சேர்த்து வைத்திருந்த விளக்கங்களில் ஒன்றுகூட இத்தனை தெளிவாக இல்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஏழு வரி எழுதினார். வக்கீல் ஆபீஸில் நடந்த அந்தக் காலைச் சம்பவத்திலிருந்து அத்தியாயத்தைத் தொடங்கினார். நடுவில் இரண்டு தடவை தலைப்புகளுக்கு நிறம் கொடுக்கக் கை போனது, வர்ஷினி ஒரு முறை முறைத்தாள். ஞாயிறு நாலரை மணிக்கு அத்தியாயம் கோயமுத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தேகாலுக்கு நடேசன் கூப்பிட்டார். புத்தகம் ஷ்யாமுக்கே என்றும், அந்த வக்கீல் ஆபீஸ் அம்மாவைப் பற்றி இன்னும் வேண்டும் என்றும், அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு மாசம் என்றும் சொன்னார். ஷ்யாம் சந்தோஷத்தில் 'சரிங்க, சரிங்க' என்று நாலு தடவை சொல்லி வைத்தார்.

பால்கனியில் சுபாஸ்ரீ மடியில் லேப்டாப்போடு, மீதிக் கேள்விகளைத் தானே படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி ஹகரத்தில் தொடங்கியதால் ஒன்று நாற்பத்தொன்றுக்கும் கடைசியில் இருந்தது. 'சுபாவிடம் கேட்க: ஹைதராபாத் பிடித்திருக்கிறதா? ஆகஸ்ட் 2013.' இவர்கள் இங்கே வந்த இரண்டாம் மாசம் எழுதியது. பால்கனிக்கு வந்த ஷ்யாமிடம் சுபாஸ்ரீ திரையைத் திருப்பிக் காட்டினார்.

ஷ்யாம், பன்னிரண்டு வருஷம் பிந்தினாலும் பரவாயில்லை என்று வாய்விட்டே கேட்டார்.

"சுபா, உனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்குதா?"

"அன்னிக்குக் கேட்டிருந்தீங்கன்னா, அடுத்த நாளே கோயமுத்தூருக்கு டிக்கெட் போடுங்கன்னு அழுதிருப்பனுங்க" என்றார் சுபாஸ்ரீ. "நீங்க கேக்கல. நானும் சொல்லல. இப்ப எனக்கு இங்க ஸ்கூல் இருக்குது, ஸ்கூட்டர் இருக்குது. நீங்களே வந்து போலாம்னு கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன்."