அமைதியானவர் என்று எழுதியிருந்தது

கேரளாவில் கழக்கூட்டம் என்ற ஊரில் எங்கள் அலுவலகம் ஏழாவது மாடியில் இருக்கிறது. காலையில் நான் லிஃப்ட்டில் ஏறியதும் உள்ளே நடந்துகொண்டிருக்கும் மலையாளம் நின்று இங்கிலீஷ் தொடங்கும். யாரும் என்னை ஒதுக்குவதில்லை, எனக்காகத்தான் மாற்றுகிறார்கள். வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. மலையாளத்தில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் பழக்கம் விடவில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து நல்ல தம்ளரை எடுப்போமே, அப்படி எனக்கென்று ஒரு மொழியை எடுக்கிறார்கள். ஏழு மாடிக்கும் விருந்தாளியாகவே நின்றுவிட்டு, "குட் மார்னிங்" சொல்லி இறங்கிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுமைப் பரிசோதனை வைத்தார்கள். அறுபது கேள்விகள். கூட்டத்தில் நீங்களாக முதலில் பேசுவீர்களா? இல்லை. புதியவர்களிடம் வலியப் போய்ப் பேசுவீர்களா? இல்லை. உள்ளதை உள்ளபடி பதிந்து தொலைத்தேன். மறுநாள் முடிவு வந்தது. நான்கு இங்கிலீஷ் எழுத்துகள். முதல் எழுத்துக்கு இன்ட்ரோவர்ட் என்று பொருளாம். பலங்கள்: அமைதியானவர், பொறுமையாகக் கேட்பவர். வளர வேண்டிய இடம்: வாய் திறந்து தன் கருத்தைச் சொல்ல வேண்டும். டீம் லீடரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த முடிவையும் பார்ப்பார்கள். அந்தப் பதவிக்காக நான் மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: இதை ஏற்கிறீர்களா, இல்லையா? ஏற்காவிட்டால் காரணம் எழுதலாம், தேர்வு செய்கிறவர்கள் படிப்பார்கள். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தார்கள்.

முதலில் சிரிப்புதான் வந்தது, பிறகு எரிச்சல். பாளையங்கோட்டை கல்லூரி ஹாஸ்டலில் என் பெயர் ரேடியோ. மெஸ்ஸில் சாம்பார் ஊசிப்போனால் வார்டனிடம் பேச என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். ஒரு கோடையில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடப் போய், அந்த மனிதரைச் சிரிக்க வைத்து, அவர் வீட்டுக் கிணற்றிலிருந்தே எங்களுக்குக் குழாய் இழுக்க வைத்தேன். என் அறைத்தோழன் முருகேசன் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்றால் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவனுக்கு அமைதியானவர் என்று சான்றிதழ்.

இங்கு வந்த முதல் வருடம்கூட அரைகுறை மலையாளத்தில் பேசித் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகள் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் மென்பொருள் எழுதினோம். வெளியிட வேண்டிய நாளில் மேலாளர் ரெஜி சார் போனில், "குழப்பமுண்டோ?" என்று கேட்டார். எனக்கு என்ன குழப்பம்? ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுக்கும் பிழை ஒன்று இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும், ஒரு நாள் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன். அதைச் சொல்வதற்கு முன், கேட்ட கேள்விக்குப் பதிலாக "குழப்பம் இல்லை" என்றேன். அவர் "சரி" என்று போனை வைத்துவிட்டார். மலையாளத்தில் குழப்பம் என்றால் பிரச்சினை. மறுநாள் காலை அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு டாக்டர் அறை வாசலிலும் ஒரே நேரத்துக்கு இரண்டிரண்டு பேர் நின்று சண்டை போட்டார்கள். ரெஜி சார் திட்டவில்லை. "இனி இங்கிலீஷில் பறஞ்ஞா மதி," என்றார். இங்கிலீஷில் சொன்னால் போதுமாம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் வைத்துச் சரிபார்த்த பிறகே வெளியே விட்டேன். சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

முடிவைப் பற்றிப் பேச மனிதவளப் பிரிவின் அஞ்சனா கூப்பிட்டாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ரெஜி சாரும் இருந்தார். நான் இயல்பில் அமைதியானவன் இல்லை, தமிழில் வேறு ஆள் என்று சொன்னேன், அதையும் இங்கிலீஷில்தான் சொன்னேன்.

"ஆணோ சேட்டா? எந்நா தமிழில் எந்தெங்கிலும் பறயூ, கேக்கட்டே," என்றாள். ஆர்வத்தில் மலையாளத்துக்கே மாறி, அப்படியென்றால் தமிழில் ஏதாவது பேசுங்கள், கேட்கிறேன் என்கிறாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்க ஆசைப்பட்டாள். வாயைத் திறந்தேன். "என்ன சொல்ல?" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"விடு அஞ்சனா. தமிழன்மார் அங்ஙனெயா, மிண்டாதெ பணி எடுத்தோளும்," என்றார் ரெஜி சார். தமிழர்கள் வாய் பேசாமல் வேலை பார்ப்பார்கள் என்று பாராட்டுகிறாராம். திருநெல்வேலியில் யாரிடமாவது இதைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வதே வேடிக்கையாக இருக்கும். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் இருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனேன். முருகேசன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பழைய ஹாஸ்டல் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். கட்டத்தில் எழுத வேண்டிய காரணம் அங்கே கிடைக்கும் என்று நம்பினேன். பத்து நிமிடம் பழையபடி பேசிவிட்டால் போதும், எனக்கே என் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

மாடியில் பந்தி முடிந்து வட்டமாக உட்கார்ந்தோம். "ஏல, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஏதாவது பேசுல," என்றான் முருகேசன். வார்டன் வீட்டுக் கிணற்றுக் கதையை எடுத்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே 'அப்புறம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பின்னெ' வந்து நின்றது. விழுங்கிவிட்டுச் சரியான சொல்லைத் தேடினேன். அது கிடைத்தபோது ஒருவன் தன் மகளின் நீட் கோச்சிங் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள். யாரும் என் கதையின் மிச்சத்தைக் கேட்கவில்லை.

முருகேசனின் மனைவி காபி கொண்டுவந்தாள். என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். "இந்த அண்ணன் ரொம்ப அமைதியோ?" என்று அவனிடம் கேட்டாள். நான் முருகேசன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனா, அமைதியா, நீ வேற, என்று அவன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று காத்திருந்தேன்.

"ஆமா. கேரளாவுல இருக்கான்லா, அங்க உள்ளவங்க அப்படித்தான்," என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. காபி சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாகர்கோவில் தாண்டியதும் போனைத் திறந்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'நான்' என்று தொடங்கி, அழித்து, மறுபடி தொடங்கி, மறுபடி அழித்தேன். பிறகு 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன். முடிவு பதிவாகிவிட்டது என்று நன்றி சொல்லி ஒரு வரி வந்தது. களியக்காவிளையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் மடியில் இருந்த பையைப் பார்த்து, "நாட்டிலேக்காணோ?" என்று கேட்டார். சொந்த ஊருக்கா போகிறீர்கள் என்று அர்த்தம். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று நான் முடிவு செய்வதற்குள் அவர் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.